‘கனெக்ட் 115200’ வந்தும் லைன் அறுந்துபோகிறது: மோடம் கெட்டுவிட்டதா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு கேள்வி இல்லை, மூன்று இருக்கின்றன. உங்களிடம் ஒரு பழைய எக்ஸ்டர்னல் சீரியல் மோடம் இருக்கிறது. தூரத்தில் உள்ள ஓர் அளவீட்டுக் கருவியோடு சேர்ந்த மோடத்தை டயல் செய்து, அது சேர்த்து வைத்திருக்கும் டேட்டாவை எடுக்க வேண்டும். டயல் டோன் வருகிறது, நம்பர் போகிறது, கீச்சுச் சத்தமும் கேட்கிறது. அப்புறம் சில சமயம் ‘நோ கேரியர்’ (எதிர்முனை மோடத்தின் சைகை இல்லை) என்று நின்றுவிடுகிறது. சில சமயம் ‘கனெக்ட் 115200’ என்று வந்து, மூன்று நான்கு நிமிடத்தில் அறுந்துபோகிறது. அறுவதற்கு முன்பும் டேட்டா ஊர்ந்துதான் வருகிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, மோடம் கெட்டுவிட்டதா, வேறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணையாமல் போவது, இணைந்த பிறகு அறுவது, மெதுவாக வருவது மூன்றும் மூன்று கோளாறுகள். ஒரே காரணத்திலிருந்து மூன்றும் வரலாம், வராமலும் இருக்கலாம். தொலைபேசி லைன்களிலும் அவற்றில் மாட்டிய மோடம்களிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மோடத்தை நான் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். முதலில் சந்தேகிப்பது நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தை. உங்கள் தொலைபேசி ஜாக் எங்கிருந்து வருகிறது? செம்புக் கம்பி நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறதா, அல்லது ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இவற்றின் பின்னால் இருக்கும் ‘போன்’ துளையிலிருந்து வருகிறதா? இதற்கு என்ன பதில் என்பதைப் பொறுத்து, கீழே சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாமல் போகும். அது தெரியாததால் இரண்டு பக்கமும் எழுதுகிறேன்.

முதலில் அந்த 115200. அது லைனின் வேகமே இல்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையில் உள்ள சீரியல் கேபிளின் வேகம். மோடம்கள் டேட்டாவைச் சுருக்கி அனுப்பும். வி.42பிஸ் என்ற முறையில், நன்றாகச் சுருங்கும் டேட்டா நான்கில் ஒரு பங்கு வரை குறையும். லைனில் விநாடிக்கு 28,800 பிட் போனாலும் கம்ப்யூட்டர் பக்கம் நான்கு மடங்கு, அதாவது 115,200 தேவைப்படலாம் என்பதால்தான் போர்ட்டை அந்த வேகத்தில் வைப்பார்கள். லைன் 2,400-இல் இணைந்திருந்தாலும் பல மோடம்கள் அதே 115200-ஐத்தான் காட்டும். லைன் வேகத்தைக் காட்டச் சொல்ல, பல மோடம்களில் டபிள்யூ2 என்ற கட்டளை போதும். யுஎஸ் ரோபாடிக்ஸ் மாடல்களில் இதற்கு வேறு கட்டளைகள் உண்டு. (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது முன்னால் ஏடி சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

லைன் வேகம் தெரிந்துவிட்டால், அந்த எண்ணே நிறைய சொல்லும். வி.34 என்ற முறையில் பேசும் மோடம்கள் 2,400-இன் மடங்குகளில் இணையும்: 26,400, 28,800, 31,200 என்று ஏறி 33,600-இல் நிற்கும். ‘56கே’ எனப்படும் வி.90 வகை 1,333-இன் படிகளில் ஏறும்: 44,000, 45,333, 46,667 என்று போகும். உங்கள் விஷயத்தில் இந்த இரண்டாவது வகை எண் வரவே வராது, அதில் சந்தேகமே இல்லை. வி.90 வேலை செய்ய, எதிர்முனை தொலைபேசி வலையமைப்போடு டிஜிட்டலாக இணைந்திருக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் தங்கள் பக்கம் அப்படித்தான் வைத்திருந்தார்கள். இரண்டு சாதாரண மோடம்கள் ஒன்றையொன்று அழைத்தால் 33,600-தான் உச்சம், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. அதனால் ‘என் மோடம் 56கே, ஏன் அந்த வேகம் இல்லை’ என்ற கவலையை விட்டுவிடலாம். 33,600-இல் இணைந்தாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு விநாடிக்கு 4 கிலோபைட் அளவில்தான் வரும். 1 எம்பி கோப்புக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அது கோளாறு இல்லை, அதன் இயல்பே அதுதான்.

அடுத்து, பழுது எந்தக் கட்டத்தில் என்பது. ஒரு மோடம் அழைப்பு வரிசையாகச் சில படிகளைத் தாண்டுகிறது: கம்ப்யூட்டர் மோடத்தோடு பேசுவது, மோடம் லைனை எடுத்து டயல் செய்வது, எதிர்முனை எடுப்பது, இரண்டும் பேச்சுமுறையை ஒத்துக்கொள்வது, பிழைதிருத்தத்தை ஏற்றிக்கொள்வது, கடைசியாக உங்கள் மென்பொருள் எதிர்முனையோடு பேசுவது. உங்களுக்கு டயல் ஆகிறது என்பதால் முதல் இரண்டு படிகள் நன்றாக இருக்கின்றன. போர்ட் எது, கேபிள் சரியா, டிரைவர் இருக்கிறதா என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘நோ டயல்டோன்’ வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி: காதில் டோன் கேட்டும் மோடம் அதை ஏற்காவிட்டால், எக்ஸ்3 கொடுத்தால் டோனுக்காகக் காத்திருக்காமல் டயல் செய்யும். வாய்ஸ்மெயில் செய்தி காத்திருக்கும்போது வரும் விட்டுவிட்டுக் கேட்கும் டோனும், அலுவலக உள்தொடர்பு லைன்களின் டோனும் பல மோடம்களைக் குழப்பும்.

கீச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தால் எம்1 கொடுத்துத் திறந்துவிடுங்கள். எதிர்முனை எடுத்ததும் முதலில் நீளமான ஓர் உயர்ந்த சுருதி வரும், 2,100 ஹெர்ட்ஸ். 450 மில்லிவிநாடிக்கு ஒரு முறை அது தன் கட்டத்தை (ஃபேஸ்) புரட்டும், அதாவது அலை தலைகீழாகும். வலையமைப்பில் உள்ள எதிரொலி நீக்கிகளை ‘ஒதுங்கிக்கொள்’ என்று சொல்வதற்கான அடையாளம் அது. வி.34 வகையில் அந்தச் சுருதி லேசாக நடுங்கும். பிறகு சின்னதாக ஒரு கரகரப்பு, இரு பக்கமும் எந்த முறைகள் தெரியும் என்று பட்டியல் பரிமாறிக்கொள்கின்றன. அதன் பின் பல சுருதிகளை ஒன்றாக அனுப்பி லைனை அளந்து பார்க்கும். கடைசியில் மழைபோன்ற இரைச்சல். அதுதான் பயிற்சி நேரம், லைனின் குறைகளுக்கு ஏற்ப இரண்டு மோடம்களும் தங்களைச் சரிசெய்துகொள்ளும். இந்த வரிசையில் எங்கே சறுக்குகிறது என்று கவனியுங்கள். முதல் சுருதியே கேட்கவில்லை என்றால் எதிர்முனை எடுக்கவில்லை, அல்லது எடுத்தது மோடம் இல்லை. சுருதி வந்து மழை இரைச்சல் வரை போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் லைன் தரம் போதவில்லை. சுருதி மட்டும் நீண்டுகொண்டே போய் ‘நோ கேரியர்’ ஆனால், இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை.

‘நோ கேரியர்’ என்ற ஒரே செய்தி இந்த மூன்றுக்கும் வரும், இணைந்து அறுந்தாலும் அதேதான் வரும். அந்தச் செய்தியை மட்டும் வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான மோடம்கள் கடைசி அழைப்பைப் பற்றி ஒரு குறிப்பு வைத்திருக்கும். யுஎஸ் ரோபாடிக்ஸில் ஐ6, ராக்வெல் அல்லது கோனெக்ஸன்ட் சிப் உள்ளவற்றில் &வி1, லூசென்ட் சிப்பில் ஐ11. லைன் வேகம், எத்தனை முறை மறுபயிற்சி நடந்தது, எதனால் துண்டிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். அழைப்பு அறுந்த உடனே, மறுபடி டயல் செய்வதற்கு முன்பே, அதைக் கேட்டு எழுதி வையுங்கள். சில மாடல்களில் மீட்டமைக்கும் கட்டளை கொடுத்தால் அழிந்துவிடும். பாதிப் பேர் இதைச் செய்யாமல் ஊகத்திலேயே மோடத்தை மாற்றுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கே உரிய ஒன்று இங்கே இருக்கிறது. பழைய அளவீட்டுக் கருவிகளில் உள்ள மோடம்கள் பெரும்பாலும் எளிமையானவை, 1,200 அல்லது 2,400 மட்டும் பேசக்கூடியவை நிறைய உண்டு. உங்கள் பக்கம் உள்ள மோடம் தனக்குத் தெரிந்த எல்லா முறைகளையும் முதலில் முயன்று பார்க்கும். எதிர்முனைக்கு அது புரியாது, அது வேறு எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும், நேரம் முடிந்துவிடும். அதோடு, இணைந்ததும் உங்கள் மோடம் ‘பிழைதிருத்தம் தெரியுமா’ என்று கேட்கச் சில எழுத்துகளை அனுப்பும். பிழைதிருத்தம் தெரியாத கருவி அவற்றை உள்நுழையும் முயற்சி என்று எடுத்துக்கொண்டு குழம்பலாம், தவறான கடவுச்சொல் என்று லைனை வைத்தும் விடலாம். அதனால் கருவியின் கையேட்டில் அதன் மோடம் எந்த வேகம், எந்த முறை என்று பாருங்கள். அதற்கேற்ப உங்கள் மோடத்தைக் கட்டிப்போடுங்கள்: +எம்எஸ் என்ற கட்டளையில் வி.22பிஸ் என்று குறிப்பிட்டால் 2,400 மட்டும் முயலும். பிழைதிருத்தத்தை நிறுத்தப் பல மோடம்களில் &க்யூ0 அல்லது \என்0, யுஎஸ் ரோபாடிக்ஸில் &எம்0. பிழைதிருத்தம் இல்லாவிட்டால் போர்ட் வேகத்தையும் லைன் வேகத்துக்கே இறக்குவது பாதுகாப்பு. இணைந்த பின் எழுத்துகள் பாதி சரியாகவும் பாதி விசித்திரமாகவும் வந்தால், கருவி 7 பிட், ஈவன் பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) முறையில் பேசுகிறதா என்று பாருங்கள். நீங்கள் 8 பிட்டில் இருந்தால் அப்படித்தான் தெரியும். அதை லைன் இரைச்சல் என்று நினைத்துக் கம்பியைத் தோண்டியவர்கள் உண்டு.

இப்போது அறுந்துபோகும் பிரச்சினை. எக்ஸ்டர்னல் மோடம் வைத்திருப்பது உங்களுக்குப் பெரிய வசதி, முகப்பில் விளக்குகள் இருக்கின்றன. அறுகிற நேரத்தில் இரண்டை மட்டும் பாருங்கள்: சிடி, டிஆர். சிடி என்பது கேரியர் இருக்கிறது என்பதற்கான விளக்கு. டிஆர் என்பது கம்ப்யூட்டர் ‘நான் தயார்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கானது. சிடி முதலில் அணைந்தால் லைனிலோ எதிர்முனையிலோ கோளாறு. டிஆர் முதலில் அணைந்தால் உங்கள் கம்ப்யூட்டரே போனை வைக்கச் சொல்லியிருக்கிறது, லைனில் எந்தப் பிழையும் இல்லை. மென்பொருள் செயலிழந்திருக்கலாம், மின்சேமிப்பு அமைப்பு யுஎஸ்பியை உறங்க வைத்திருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். &டி0 கொடுத்தால் மோடம் அந்தச் சைகையைப் பொருட்படுத்தாது. அப்படிக் கொடுத்து அறுவது நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருக்க, டேட்டா மட்டும் நின்றுபோனால் அது ஃப்ளோ கன்ட்ரோல் கோளாறு. அதற்குப் பிறகு வருகிறேன். சிடி விளக்கு எப்போதுமே எரிந்தால் மோடம் அதைப் போலியாகக் காட்டுகிறது, &சி1 கொடுங்கள்.

அறுகிற நேரத்தைக் கடிகாரத்தில் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் விநாடி சுத்தமாக ஒரே நேரம் என்றால் ஏதோ ஒரு டைமர்தான் காரணம்: கருவி ஓர் அழைப்புக்கு இவ்வளவு நேரம் என்று வைத்திருக்கலாம், அல்லது மோடத்தின் செயலின்மை டைமர் இருக்கலாம். மாடலைப் பொறுத்து அது எஸ்30 அல்லது எஸ்19 என்ற அமைப்பு எண், பூஜ்யம் வைத்தால் நின்றுவிடும். நேரம் தாறுமாறாக இருந்தால் கால் வெயிட்டிங்கைப் பாருங்கள். இன்னொருவர் அழைக்கும்போது வரும் பீப், கேரியரை ஒரு கணம் மறைத்துவிடும். எஸ்10 என்ற எண் கேரியர் எவ்வளவு நேரம் காணாமல் போனால் லைனை வைப்பது என்பதைச் சொல்கிறது, பத்தில் ஒரு விநாடி கணக்கில். பல மோடம்களில் அது 14, அதாவது 1.4 விநாடி, சிலவற்றில் அதைவிடக் குறைவு. 50 வைத்துப் பாருங்கள். 255 வைக்கச் சொல்லும் குறிப்புகள் உலவுகின்றன, நான் வைக்க மாட்டேன். எதிர்முனை போன பிறகும் மோடம் லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், தொலைபேசிக் கட்டணம் ஏறும்.

நேரம் ஏறத்தாழ ஒரே மாதிரி, ஆனால் சில விநாடிகள் முன்பின்னாக இருந்தால்? உங்கள் ‘மூன்று நான்கு நிமிடம்’ என்பது இந்த வகையோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் அந்த ரவுட்டர் ஜாக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

ரவுட்டரிலோ ஃபைபர் பெட்டியிலோ உள்ள போன் துளை, உங்கள் சத்தத்தை விநாடிக்கு 8,000 மாதிரிகளாக எடுத்து, வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு பொட்டலத்தில் 160 மாதிரிகள். பொட்டலங்கள் முன்பின்னாக வருவதால், எதிர்ப் பக்கம் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒழுங்காக வெளிவிடும். பேச்சுக்கு இது போதும். ஒரு பொட்டலம் தொலைந்தாலும் காது கவனிக்காது. மோடம் அப்படி இல்லை. அது சுருதியின் கட்டத்தில் தகவலை வைத்து அனுப்புகிறது, 20 மில்லிவிநாடி துள்ளினால் அதற்கு எல்லாம் குழம்பிவிடும். உடனே மறுபயிற்சிக்குப் போகும், பல விநாடிகள் எதுவும் வராது, அல்லது லைனையே விட்டுவிடும்.

இதில் பொட்டலமே தொலையாமலும் துள்ளல் வரும். உங்கள் பெட்டியின் கடிகாரமும் எதிர்ப் பக்கக் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 100 பங்கு வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 8,000 மாதிரியில் அது 0.8 மாதிரி. 160 மாதிரிகள், அதாவது ஒரு முழுப் பொட்டலம், 200 விநாடியில் மிகும் அல்லது குறையும். 200 விநாடி என்றால் 3 நிமிடம் 20 விநாடி. வேறுபாடு பாதியாக இருந்தால் 6 நிமிடம் 40 விநாடி. உங்கள் பெட்டியின் கடிகாரத்தை நான் அளக்கவில்லை, எனவே இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் லைனில் இரைச்சலே இல்லாமல், குரல் தெளிவாக இருந்தும், சில நிமிடத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய ஒழுங்காக அறுந்தால் நான் முதலில் இங்கேதான் பார்ப்பேன். மோடத்தை மாற்றினால் இது போகாது.

அந்த வகை லைனில் என்ன செய்யலாம்? பெட்டியின் அமைப்புப் பக்கம் உங்களுக்குத் திறந்தால், ஜி.711 கோடெக் (சத்தத்தை டிஜிட்டலாக்கும் முறை) மட்டும் இருக்கட்டும். ஜி.729 போன்றவை மனிதப் பேச்சை மனதில் வைத்து 64 கிலோபிட்டை 8 கிலோபிட்டாகச் சுருக்குகின்றன, அதில் வேகமான மோடம் சத்தம் உயிரோடு மறுபக்கம் போய்ச் சேராது. மௌன நேரத்தில் அனுப்பாமல் இருக்கும் வசதியை அணையுங்கள். எதிரொலி நீக்கியை அணையுங்கள். பொட்டலங்களைச் சேர்த்து வைக்கும் அளவு தானாக மாறாமல் நிலையாக இருக்கட்டும். ஃபேக்ஸுக்கான டி.38 இருந்தால் அதையும் அணையுங்கள். அது ஃபேக்ஸுக்கு மட்டுமே, ஆனால் 2,100 ஹெர்ட்ஸ் சுருதியைக் கேட்டதும் சில பெட்டிகள் ஃபேக்ஸ் வந்துவிட்டது என்று நினைத்துக் குறுக்கே வரும். இதெல்லாம் உங்கள் பக்கத்துக்குத்தான், நடுவில் உள்ள நிறுவனத்தின் கருவிகள் என்ன செய்கின்றன என்பது உங்கள் கையில் இல்லை. அப்புறம் வேகத்தைக் குறையுங்கள், இதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். 33,600-ஐ எட்டிப்பிடிக்க முயன்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை விழுவதைவிட, 9,600-இலோ 2,400-இலோ நின்று முழுதாக முடிப்பது விரைவு. ஓர் அளவீட்டுக் கருவியின் பதிவுகள் சில பத்து கிலோபைட்தான் இருக்கும். 2,400-இல் நிமிடத்துக்கு 14 கிலோபைட்டுக்கு மேல் வந்துவிடும்.

சரி, உங்களுடையது உண்மையான செம்பு லைன் என்றால் கதை வேறு. சாதாரண போனை மாட்டி, ஏதாவது ஓர் எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டு, அந்த மௌனத்தைக் கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்ற ஓசை இருந்தால் கம்பியின் ஒரு பக்கம் எங்கோ கசிகிறது, அல்லது மின்கம்பி அருகில் ஓடுகிறது. படபடவென்று வெடிப்பு இருந்தால் துருப்பிடித்த ஜாயின்ட். மழைக்குப் பிறகு மோசமானால் ஈரம் இறங்கியிருக்கிறது. ஒன்றுமே கேட்கவில்லை என்பது லைன் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது, காதுக்குக் கேட்காத குறைகள் மோடத்துக்குக் கேட்கும். நீண்ட லைன்களில் பேச்சைத் தெளிவாக்கச் சேர்த்த லோடிங் காயில்கள் அப்படி ஒன்று. குரல் அருமையாக இருக்கும், ஆனால் மேல் அதிர்வெண்கள் வெட்டப்பட்டு மோடம் வேகம் குறைந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பயனுள்ள சோதனை இது: வீட்டுக்குள் லைன் நுழையும் முதல் இடத்தில், உள்வயரிங் முழுவதையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் நேராக மாட்டி டயல் செய்யுங்கள். அங்கே நன்றாக வேலை செய்தால் கோளாறு வீட்டுக்குள். இணையாக மாட்டிய போன்கள், ஃபேக்ஸ், கார்ட்லெஸ் அடித்தளம், அலாரம் இவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பாருங்கள். தொலைபேசித் துளை உள்ள மின்னழுத்தப் பாதுகாப்புப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். இடி தாங்கிய பின் அது வெளியே நன்றாகத் தெரிந்தபடியே உள்ளே லைனைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அதே லைனில் டிஎஸ்எல் (செம்புக் கம்பி வழி இணையம்) ஓடினால் மோடத்துக்கு முன்னால் ஃபில்டர் கட்டாயம். நுழைவிடத்திலும் அதே கோளாறு என்றால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். ‘மோடம் வேலை செய்யவில்லை’ என்று புகார் எழுதாதீர்கள், ‘பேசும்போது இரைச்சல்’ என்று எழுதுங்கள். தொலைபேசி நிறுவனங்கள் பொதுவாகப் பேச்சுத் தரத்துக்குத்தான் பொறுப்பேற்கும்.

மெதுவாக வருவதில் லைன் வேகம் தவிர இன்னொரு காரணம், நான் மேலே ஒத்திப்போட்ட ஃப்ளோ கன்ட்ரோல். மோடத்தின் சேமிப்பு நிரம்பினால் ‘கொஞ்சம் நிறுத்து’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல ஒரு வழி வேண்டும். அது ஆர்டிஎஸ்-சிடிஎஸ் என்ற கம்பிவழிச் சைகையாக இருக்க வேண்டும், மோடத்திலும் மென்பொருளிலும் இரண்டிலும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் எழுத்துகள் விழுந்துபோகும், மேலே உள்ள மென்பொருள் திரும்பத் திரும்பக் கேட்கும், வெளியே பார்த்தால் ‘லைன் மெதுவாக இருக்கிறது’ என்று தோன்றும். யுஎஸ்பி-சீரியல் மாற்றி வழியாக மாட்டியிருந்தால் இதை அவசியம் பாருங்கள். மலிவான சிலவற்றில் அந்தச் சைகைக் கம்பிகள் சரியாகக் கடத்தப்படுவதில்லை. பழைய கம்ப்யூட்டரின் சொந்த சீரியல் போர்ட் என்றால் உள்ளே 16550 வகைச் சிப்பா என்று பாருங்கள். அதில் 16 எழுத்துச் சேமிப்பு உண்டு, அதற்கு முந்தைய 16450-இல் ஒன்றே ஒன்று, 115,200-இல் அது திணறும்.

கடைசியாக மோடம். அதில் முதலில் அடாப்டர். பல எக்ஸ்டர்னல் மோடம்களுக்கு ஏசி வெளியீடு தரும் அடாப்டர் வேண்டும். வோல்ட் ஒன்றுதானே என்று டிசி அடாப்டரை மாட்டினால் விளக்கு எரிந்தும் ஒழுங்காக ஓடாமல் போகலாம். பழைய அடாப்டர் சுமை ஏறும்போது மின்னழுத்தம் சரிந்து, லைனை எடுத்த சில நிமிடத்தில் மோடத்தை மீட்டமைக்கவும் செய்யும். அப்படியானால் எல்லா விளக்கும் ஒரு கணம் அணைந்து வரும், அதுவே அடையாளம். லைன் பக்கச் சுற்று இடியில் பாதி கெட்டிருந்தால் டயல் ஆகும், ஆனால் பயிற்சி முடியாது. இதை உறுதிசெய்ய ஒரே வழி, அதே ஜாக்கில் இன்னொரு மோடம், அல்லது இதே மோடத்தை வேறு நல்ல லைனில். கடன் வாங்கிச் சோதிக்க முடிந்தால் வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள். ஆனால் அலுவலக டிஜிட்டல் எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் சோதிக்க வேண்டாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மோடத்தையே எரித்துவிடக்கூடும்.

இதே தலைப்பைத் தேடி வந்து, கருவிக்கு அல்லாமல் இணையத்துக்கு டயல் செய்கிறவர்களுக்காக: விண்டோஸ் காட்டும் 676 என்றால் எதிர்முனை பிஸி, 678 எதிர்முனை பதில் தரவில்லை, 680 டயல் டோன் இல்லை, 691 பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 691 வந்தால் லைனும் மோடமும் நன்றாக வேலை செய்துவிட்டன என்று அர்த்தம், கம்பியைத் தொடாதீர்கள். டெர்மினலில் இணைந்ததும் அலைக்குறியும் அடைப்புக்குறிகளும் கலந்த குப்பை போல வந்தால் அது பெரும்பாலும் இரைச்சல் இல்லை, எதிர்முனை பிபிபி என்ற டயல்-அப் இணைய நெறிமுறையில் பேசத் தொடங்கிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: ஜாக் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், கருவியின் கையேட்டில் மோடம் வேகத்தைப் பாருங்கள், அந்த வேகத்துக்குக் கட்டிப்போட்டு ஒரு முறை டயல் செய்யுங்கள். அப்போதும் அறுந்தால், எந்த விளக்கு முதலில் அணைந்தது, எத்தனை நிமிடம் எத்தனை விநாடியில், கடைசி அழைப்புக் குறிப்பில் என்ன வந்தது என்ற மூன்றையும் இங்கே எழுதுங்கள். அவை இருந்தால் நான் இவ்வளவு ‘இருக்கலாம்’ போடாமல் பதில் சொல்ல முடியும். ரவுட்டர் வழி லைனில் 2,400-உம் நிற்கவில்லை என்று தெரிந்தால், அதற்கு மேல் இந்த மோடத்தோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. கருவிக்கு சீரியல் போர்ட் இருக்கும், அந்தப் பக்கம் இணைய வசதியும் இருந்தால், அதில் ஒரு சீரியல்-ஈதர்நெட் பெட்டியை மாட்டித் தொலைபேசியை முழுக்கத் தவிர்த்துவிடுங்கள்.